முள் பாதியில் நின்ற கதை

1.

இந்தக் கதையை என் வீட்டுக்காரரிடமிருந்து எடுத்தேன். கேட்காமல்தான் எடுத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், கூடவே ஒரு மணி நேர விளக்கமும் கொடுத்திருப்பார். ஆள் தெரியக் கூடாது என்று கதைக்குள் அவரைப் பல் டாக்டர் ஆக்கியிருக்கிறேன். (நிஜத்தில் பல் டாக்டர் என்றாலே நடுங்குவார்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை விட்ட மாலையில், கொட்டகைக்குள் ஒரு பழைய கார் பெருமூச்சு"

வேண்டாம். கார் பெருமூச்சு விட்டால் அவர் பென்சிலை எடுத்துவிடுவார். நான் எழுதுவதை முதலில் படிப்பவர் அவர்தான். காதல், கண்ணீர் எல்லாவற்றையும் ஒரே தாண்டாகத் தாண்டிப் போய், "இந்த ஸ்கூட்டர்ல கிக்கரே கிடையாது" என்று ஓரத்தில் எழுதி வைக்கிற மனிதர்.

2.

பல் டாக்டர், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டதுபோல, ஒரு பழைய காரை வாங்கி அதில் டர்போ பொருத்தினார். டர்போ இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும், கார் பாயும். எவ்வளவு அழுத்தம் என்று காட்ட ஒரு மீட்டர் உண்டு. அதன் முள் பாதி வரை ஏறி, இதற்கு மேல் மாட்டேன் என்று நின்றது. மேட்டில் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள்.

காற்று எங்கோ கசிகிறது என்று டாக்டர் முடிவு கட்டினார். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. குழாய்களைக் கவ்வியிருக்கும் கிளாம்புகளை இறுக்கினார், ரப்பர் ஹோஸ்களை மாற்றினார், கடைசியில் டர்போவையே மாற்றினார். முள் அசைந்து கொடுக்கவில்லை. எல்லாம் சாப்பாட்டு மேசையில் விலாவாரியாகப் பரிமாறப்பட்டது. அவர் மனைவிக்குக் (அது நானில்லை, அவள் பொறுமைசாலி) கனவில்கூட கிளாம்ப் வந்தது.

3.

இங்கே மனைவியின் அக்கா வர வேண்டும். தோள்வலியோடு ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, தங்கைக்கு நீலக் கம்பளிச் சால்வை பின்னிக் கொடுத்தவர். அந்தச் சால்வை காணாமல் போயிற்று. ஏன் போர்த்திக்கொள்வதே இல்லை என்று அக்கா கேட்டபோது தங்கை திருதிருவென்று விழித்தாள். யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று அக்கா நினைத்துக்கொண்டார். தினமும் காலையில் பேசிக்கொண்டிருந்தவர்கள். அதோடு போன் நின்றது. தங்கைக்கு அது தாங்கவில்லை. டாக்டரிடம் கேட்டாள். தான் பார்க்கவே இல்லை என்றார்.

(காருக்கும் சால்வைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். பொறுங்கள்.)

4.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் சரியாகிவிட்டது. மேட்டில் பறந்தது. என்ன கோளாறு என்று மனைவி கேட்டாள். சோப்புக் குமிழிக்கே கால் மணி நேரம் பேசியவர், "சின்ன விஷயம்தான், விடு" என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற முகம். அவர் சட்டையைத் துவைக்கப் போட்டபோது என் கையில், இல்லை, அவள் கையில், நீலக் கம்பளி நூல் ஒட்டியது.

கழற்றிய பைப்புக்குள் நட்டு விழாமலிருக்கக் கைக்குக் கிடைத்த துணியைத் திணித்து வைப்பது அவர் வழக்கம். துணிக்கொடி இருப்பதோ கொட்டகை வாசலில். எடுக்க மறந்து பைப்பை மாட்டிவிட்டால், காற்று வெளியே கசியவும் செய்யாது, இஞ்சினுக்கு ஒழுங்காகப் போகவும் செய்யாது.

5.

முடிவு ஒன்று: மனைவி நூலை நீட்டிக் கேட்கிறாள். (கேட்டு வாங்குகிற உண்மையில் எனக்கு ருசி இல்லை.)

முடிவு இரண்டு: துவைத்து மடித்த சால்வை ஒருநாள் அலமாரியில் (கிரீஸ் போகாது. அவரே சொல்வார்.)

முடிவு மூன்று: "கோளாறு வேறொன்றுமில்லை, ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தது." இதைத்தான் எழுதினேன். சால்வை வரும் பகுதிகளை எடுத்துவிட்டு, மீதியை அவர் மேசையில் வைத்தேன், பக்கத்தில் பென்சிலும். இறுக்கிச் சோதித்த கிளாம்ப் எப்படித் தளரும்? தப்பைப் பார்த்துவிட்டுத் திருத்தாமல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

6.

காகிதங்கள் திரும்பி வர நாளாயிற்று. சைக்கிள்காரர்கள் முந்திய வரியைக்கூட அவர் திருத்தாமல் விட்டுவிட்டார். கிளாம்ப் வரிக்குப் பக்கத்தில் மட்டும் பென்சில் எழுத்து: "கிளாம்ப் தப்பு. பைப்புக்குள்ள ஒரு"

அவ்வளவுதான். நான் பாதியில் விட்ட வாக்கியங்களைவிட நல்ல இடத்தில் விட்டிருக்கிறார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கொட்டகையிலிருந்து அவர் குரல் கேட்கிறது. போனில் பேசுகிறார்.

"அக்கா, நான்தான். அவ மேல கோவப்படாதீங்க. அந்தச் சால்வைய..."

எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். அக்கா என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் அவர் வந்து திருத்துவார்.