பசை போடத் தெரிந்த எலி

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கையை விட்டபோது நான் எதிர்பார்த்தது ஒரு பிஸ்கட் பாக்கெட். கையில் பட்டது கண்ணாடி. வெளியே எடுத்துப் பார்த்தேன். சின்ன வோட்கா பாட்டில், பாதி காலி. வெளிச்சத்தில் பிடித்தால் தண்ணீரைப் போல அப்பாவியாக இருந்தது. அங்கேயே, துவைக்காத துணிகளுக்கு நடுவில், தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒளித்துவைத்ததைக் கண்டுபிடிப்பது எனக்குப் புதிதில்லை. ஓய்வு பெறும்வரை துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவன். வருகிறவர்களின் பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒருத்தன் தர்பூசணிக்குள் சுவர்க்கடிகாரத்தை வைத்துக் கடத்திக்கொண்டு வந்தான். மேசையில் வைத்ததும் பழம் பன்னிரண்டு முறை அடித்தது, மாட்டிக்கொண்டான். நம்பாதவர்கள் அந்தப் பழத்தையே கேட்டுக்கொள்ளலாம்.

பாட்டில் என் மகளுடையது. பிறந்தபோது குட்டி என்று கூப்பிட ஆரம்பித்தோம். பிறகு அவள் வளர்ந்த வளர்த்திக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை, ஆனாலும் அவளிடம் போய்ச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. அவள் கால் வைத்தால் எங்கள் அடுக்குமாடி லிப்ட் கொஞ்சநேரம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். வீட்டிலிருந்த எடை பார்க்கும் மெஷின், தன்னைச் சமையலறைத் தராசாக மாற்றும்படி என்னிடம் மனுக் கொடுத்தது. இதையெல்லாம் அவள் எதிரிலேயே சொல்வேன். அவள் உடம்பு குலுங்கச் சிரிப்பாள். அந்தக் குலுங்கலைப் பார்க்கத்தான் சொல்வேன்.

அவளுக்குப் போட்டோ ஸ்டூடியோவில் வேலை. கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சரிசெய்வாள். மாப்பிள்ளையின் தொப்பை, மாமியாரின் இரட்டைத் தாடை, எல்லாம் அவள் கைபட்டுக் கரைந்தவை. "ஊர்ல இருக்கற கொழுப்பையெல்லாம் எடுத்து எடுத்து எங்க போடறதுன்னு தெரியாம நானே வெச்சுக்கிட்டேன்பா" என்பாள்.

அவள் அம்மா இறந்துபோன பிறகுதான் ஒளித்துவைத்துத் தின்னும் பழக்கம் வந்தது. டாக்டர் தடுக்கச் சொன்னார். சுங்கக்காரனுக்கு ஓய்வேது? தலையணை உறை, பழைய சூட்கேஸ், மிக்ஸி அட்டைப்பெட்டி, கடைசியில் வாஷிங் மெஷினின் பின்பக்கம். எல்லா இடமும் எனக்கு அத்துப்படி. ஆனால் ஒருநாளும் பறிமுதல் செய்ததில்லை. பாக்கெட்டின் அடிப்பக்க ஒட்டைப் பிளேடால் திறந்து, ஒரே ஒரு பிஸ்கட்டைச் சுங்க வரியாக எடுத்துக்கொண்டு, பசை போட்டு ஒட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். மறுநாள் காலை அவள் மின்விசிறியைப் பார்த்துச் சொல்வாள்: "எல்லா வீட்லயும் எலி இருக்கு. நம்ம வீட்டு எலிக்கு மட்டும் பசை போடத் தெரியும்."

அடுத்த பாக்கெட்டும் அதே இடத்தில்தான் இருக்கும். அவளுக்கு வேறு இடம் கிடைக்காமல் இல்லை. நான் வரி எடுப்பது அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அம்மா இல்லாத வீட்டில் அப்பனும் மகளும் வேறெப்படித்தான் பேசிக்கொள்வது?

பிறகு அவளுக்கு முழங்கால் இரண்டும் கைவிட்டன, சர்க்கரை ஏறியது. வயிற்றைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். முட்டையளவு வயிறு. பொம்மைத் தட்டில் பொம்மைச் சாப்பாடு. ஒரு வாய் கூடினாலும் வாந்தி. மாதங்கள் போகப்போக என் மகளுக்குள்ளிருந்து வேறொருத்தி வெளியே வந்தாள். கழுத்து இருந்தது, மணிக்கட்டில் எலும்பு இருந்தது. லிப்ட் அவளை அடையாளம் தெரியாமல் சட்டென்று கிளம்பியது. மாடிப்படியில் எதிர்ப்பட்ட அத்தனை பேரும் என்னைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு ஆளே மாறிட்டாளே சார், என்ன ரகசியம்?" என்றார்கள். நான் தேடுவதை விட்டேன். கையில்தான் அரிப்பு நிற்கவில்லை. அன்றைக்கு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கைவிட்டதுகூடப் பழக்கதோஷம்தான்.

பாட்டிலிலிருந்தும் பழைய முறைப்படி வரி எடுத்தேன். தைலம் தேய்த்த கையோடு மூடியில் ஊற்றி ஒரே மடக்கு. வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. கூரை குனிந்து என் பெயரைக் கேட்டது, சொல்லிவிட்டேன். பாட்டிலை இருந்த இடத்தில் வைத்தேன்.

மறுநாள் அவள் மின்விசிறியைப் பார்க்கவில்லை. பாட்டில் அந்த இடத்தில் இல்லை.

அதற்கடுத்து வெந்நீர்ப் பைக்குள் கண்டுபிடித்தேன். பிறகு ஷாம்பு டப்பாவில். ஒவ்வொரு தடவையும் இடம் மாறியது. பிஸ்கட்டை எனக்காகத்தான் ஒளித்தாள். இதை என்னிடமிருந்து ஒளித்தாள்.

குளியலறைக் குழாய் மணிக்கணக்கில் ஓட ஆரம்பித்தது. மூடி திருகும் சத்தம் வெளியே கேட்கக்கூடாதாம். சுங்கக்காரன் காதுக்கு இதெல்லாம் ஒரு தடையா? குழாய் திறந்தாலே எனக்கு மூடி திருகும் சத்தம்தான் கேட்டது.

ஸ்டூடியோ முதலாளி போன் செய்தார். "பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து ஒரு கல்யாணப் பொண்ணுக்கு மூணு கை வெச்சு அனுப்பிட்டா. அவங்க வீட்ல ஒரே ரகளை."

"மூணாவது கை நல்லா இருந்துச்சா?" என்றேன். வாய்ப்பழக்கம்.

அவர் சிரிக்கவில்லை. "அவளுக்குக் கை நடுங்குதுங்க. கொஞ்சம் பாத்துக்கோங்க."

அன்று மாலை அவள் வாசலில் செருப்பைக் கழற்றினாள். சின்ன வயதிலிருந்தே பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் வேலை விட்டு வந்தாலும் துறைமுகத்தில் பயணிகளைக் கேட்பதுபோல நான் விறைப்பாக நின்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கேட்டேன்.

"அம்மணி, சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல சார்." எப்போதும் சொல்லும் பதில். தோள்பையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். எத்தனை ஆயிரம் பேர் என் முன்னால் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்! கையை நீட்டவேண்டியதுதான் பாக்கி. என் கை எழவில்லை.

"குட்டி, எனக்குத் தெரியும்."

"தெரியும். மூடில உங்க தைல வாசம்." சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முன்பு அந்த சோபா முழுதும் அவளுக்கே போதாது. இப்போது பக்கத்தில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.

"ஏம்மா?"

தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டாக்டர் வயித்தத்தான்பா வெட்டினாரு. சாயங்காலமானா உள்ளுக்குள்ள ஒருத்தி வந்து கதவத் தட்டுவாளே, அவ அப்படியேதான் இருக்கா. முன்னல்லாம் அவ கையில நாலு பிஸ்கட்டக் குடுத்து அனுப்பிடுவேன். இப்ப பிஸ்கட்ட வாயில வெச்சாலே கொமட்டுது. வெறுங்கையோட போகச் சொன்னா போக மாட்டேங்கறாப்பா."

"யாரு அவ?"

"பேர் தெரிஞ்சா நானே கூப்ட்டு உக்கார வெச்சுப் பேசியிருப்பேனே."

அவள் தலையைத் தடவினேன். "விட்டுடறேன்பா. சத்தியமா" என்றாள். பாம்பின் கால் பாம்பறியும். ஆயுள் முழுக்கப் புளுகியவனுக்குப் புளுகு தெரியாதா? இருந்தாலும் நம்பினேன். என் கதைகளை அவள் இத்தனை வருஷம் நம்பவில்லையா?

அவள் குளியலறையில் விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டது அதற்குப் பிறகுதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். இப்போதுள்ள வயிற்றில் எதுவும் தங்குவதில்லை, குடித்தது நேரே ரத்தத்தில் போய்க் கலக்கிறது, கல்லீரல் கெட ஆரம்பித்துவிட்டது என்றார். "நிறுத்தலேன்னா ரொம்ப நாள் இருக்க மாட்டாங்க. இதுக்குன்னு சிகிச்சை இருக்கு. ஆனா அவங்களா வரணும். நீங்க இழுத்துட்டு வந்தா பிரயோஜனமில்ல."

உள்ளே தையல் போட்ட நர்ஸ் அவளிடம், "எவ்ளோ ஒல்லியா அழகா இருக்கீங்க! எங்களுக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நெற்றியில் கட்டோடு என் மகள் புன்னகை செய்தாள்.

திரும்பி வந்ததும் அவளை வீட்டில் படுக்கவைத்துவிட்டு மூலைக்கடைக்குப் போனேன். ஆரஞ்சு க்ரீம் பிஸ்கட், அவள் எப்போதும் ஒளித்துவைக்கிற அதே ரகம். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வைத்தேன். வாழ்க்கை முழுக்கக் கடத்தல்காரர்களைப் பிடித்தவன் வயசான காலத்தில் கடத்தலில் இறங்கினேன். தின்னட்டும். பழையபடி பெருக்கட்டும். லிப்ட் யோசிக்கட்டும், சோபா கதறட்டும். அந்தக் குலுங்கலோடு அவளைத் திருப்பித் தருவதாக யாராவது சொன்னால் எந்தக் காகிதத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

தினமும் பார்த்தேன். பாக்கெட் வைத்தது வைத்தபடி இருந்தது. மேலே தூசி படிந்தது. எறும்புகள்கூட வந்து பார்த்துவிட்டு, ஏதோ துக்க வீட்டுக்கு வந்ததுபோல ஒன்றையும் தொடாமல் திரும்பிப் போயின.

நேற்றுக் காலை எடுத்துப் பார்த்தபோது தூசியில் விரல் தடம் இருந்தது. மேல்பக்கம் கிழிக்கப்படவில்லை. திருப்பினேன். அடிப்பக்க ஒட்டு கோணலாக இருந்தது. கை நடுங்கிக்கொண்டே ஒட்டிய பசை, ஓரத்தில் இன்னும் முழுதாகக் காயவில்லை. எண்ணிப் பார்த்தேன். ஒன்று குறைந்தது. ஒன்றே ஒன்று.

சிரிப்பு வந்தது. சத்தமில்லாமல் சிரித்ததில் மூக்குக்கண்ணாடி நனைந்துபோய் ஒன்றும் தெரியவில்லை. குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போய்க் கதவின் முன்னால் நின்றேன்.

"குட்டி, நம்ம வீட்ல மறுபடியும் எலி வந்திருக்கு போல."

குழாய் நின்றது. மூடி திருகும் சத்தம் இல்லை, தண்ணீர் சத்தம் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். "சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?" என்று கேட்க வாயெடுத்தேன்.

உள்ளே குழாயை மறுபடி திறந்தாள்.