மூச்சைப் பிடித்த கர்ணன்

மனைவியை இறக்கிவிட்டு உடனே ஓடைப்பட்டிக்குத் திரும்பிவிட வேண்டும் என்றுதான் கர்ணன் பிரவுசிங் சென்டர் வாசலில் வண்டியை நிறுத்தினான். திராட்சைக்கு மருந்தடித்த கையோடு வந்திருந்தான். விரல் இடுக்கில் மயில்துத்தத்தின் நீலம்கூடப் போகவில்லை.

பவானி சின்னமனூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். டிப்ளமோ படித்தவள். அங்கே சி.டி. ஸ்கேன் மெஷின் வரப்போகிறது, பட்டம் வாங்கியவர்தான் அதில் உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் இந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இன்டர்நெட் வழியாகவே பி.எஸ்சி. படித்தாள். சோறு வடிக்கும்போதுகூட எலும்புகளின் பெயரை முணுமுணுப்பாள். கர்ணனுக்கு அது மந்திரம் போலக் கேட்கும். இன்று கடைசிச் செய்முறைத் தேர்வு; தேர்வாளர் கேமரா வழியாகப் பார்க்க, ஒருவரை நோயாளியாக நிறுத்தி நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் முறையைச் செய்துகாட்ட வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான்; அதற்குள் அந்த நாற்காலிக்கு மதுரையிலிருந்து யாராவது வந்துவிடுவார்கள்.

நோயாளியாக நிற்க ஒத்துக்கொண்டிருந்த நர்ஸ் கஸ்தூரியம்மாளைப் பிரசவ வார்டில் பிடித்துவைத்துக்கொண்டார்கள். செல்போனை வைத்த பவானி கணவனைப் பார்த்தாள்.

"நீங்க நில்லுங்க."

"நானா? ஏத்தா, ஊரே பாக்குமே!"

"பாத்தா பாக்கட்டும். சட்டையக் கழட்டுங்க. செயினையும்."

"நெசமாவா படம் எடுக்கப் போற?"

"எடுக்கற மாதிரித்தான் எல்லாம் செய்யணும்."

வெளியிடத்தில் அவன் கையைக்கூடத் தொட்டறியாதவள், சின்னக் கேமராவுக்கு முன்னால் அவன் தோள்களைப் பிடித்து முன்னே தள்ளினாள். கைகளை இடுப்பில் ஊன்றவைத்தாள். எக்ஸ்ரே தட்டுக்குப் பதிலாக, அடுத்த இருக்கையை மறைத்த பலகைத் தடுப்பில் நெஞ்சை ஒட்டி, தாடையை அதன் மேல் ஏற்றினாள். திரையில் இருந்த தேர்வாளர் கண்ணாடியைத் தொட்டுச் சரிசெய்தார்.

"மூச்ச நல்லா இழுங்க. அப்படியே புடிங்க."

தடுப்புக்கு அந்தப் பக்கம் உரக்கடை ராக்கப்பன் மகளின் பரீட்சை முடிவைத் தேடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால், தலைக்கு மேல் ஒரு தலை.

"ஏலே கர்ணா! இங்கன என்னலே எட்டிப் பாக்குற? கேக்குறேன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

கர்ணன் கண்ணை உருட்டினான். அவள் இன்னும் 'விடுங்க' என்று சொல்லவில்லையே!

சொல்ல அவள் வாயெடுத்தபோது திரை உறைந்தது. கண்ணாடியைத் தொட்ட தேர்வாளரின் கை தொட்டபடியே நின்றது. சென்டர் முதலாளி இம்மானுவேல் ஓடி வந்தான்.

"நெட்டு படுத்துதுக்கா. அண்ணன அசைய விடாதீக. லைன் வரும்போது இப்படியே நிக்கறதத்தான் அவுக பாக்கணும்."

கர்ணனும் அப்படித்தான் நினைத்தான். கிணற்றில் முக்குளித்து வளர்ந்தவன். இவளுக்காக இன்னும் கொஞ்சம் தாங்கலாம் என்று பல்லைக் கடித்தான். பவானி திரையைப் பார்க்கவில்லை. அவன் கழுத்து நரம்பைப் பார்த்தாள்.

"மூச்சு விடுங்க. கையத் தொங்கப் போடுங்க."

அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கையில் லைன் வந்தது.

"என்னம்மா, பேஷன்ட் பொசிஷன்லயே இல்லையே?"

கர்ணன் அவசரமாகக் கைகளை மறுபடி இடுப்பில் ஊன்றினான். தன்னால்தான் கெட்டதோ?

"லைன் நின்னுபோச்சு சார். நீங்க திரும்ப வர்ற வரைக்கும் அவுகள மூச்சடக்கி நிக்கவைக்க முடியாது. முதல்ல இருந்து செய்றேன்," என்றாள் பவானி. வீட்டில் கரப்பான் பூச்சிக்கு அலறுகிறவளின் குரல் துளியும் நடுங்கவில்லை.

தேர்வாளர் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு, "செய்ங்க," என்றார்.

இந்த முறை ராக்கப்பனும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார். 'புடிங்க' என்றபோது அவரும் பிடித்துக்கொண்டார். 'விடுங்க' என்றதும் தடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் புஸ்ஸென்று சத்தம் வந்தது.

தேர்வாளர் சிரித்துவிட்டார். "பாஸ்மா. ஆளைக் கவனிச்சீங்க பாருங்க, அதுதான் வேணும்."

பவானி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னலே நடக்குது இங்கன?" என்றார் ராக்கப்பன்.

கர்ணன் சட்டையை உள்பக்கம் வெளியே வர மாட்டியது தெரியாமல் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தான்.

"எங்க வீட்டுல பரீட்ச பாசாயிட்டாக மாமா. இனிமே ஸ்கேன் மெஷின்ல அவுகதான்."