நாற்பத்தொன்றாவது பிணம்

பாலத்துப் போரில் மாண்ட நாற்பத்தொரு வீரர்களில் ஒருவர், நாற்பத்தாறு ஆண்டுகள் மல்லாந்து கிடந்தபின், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, திரையின் இடப்பக்கமாக வெளியே போனார். அறையில் அப்போது தூசியக்கா மட்டுமே இருந்தார். அவர் முதலில் செய்தது, தேநீர்க் குவளையைக் கணினியிலிருந்து தள்ளி வைத்ததுதான்.

பழைய படங்களைச் சுத்தம் செய்து, வீட்டில் பார்க்கும் வட்டுகளாக வெளியிடும் நிறுவனம் அது. சுருளைக் கணினியில் ஏற்றி, நொடிக்கு இருபத்துநான்கு படங்கள் வீதம் ஒவ்வொன்றிலும் உள்ள கீறலையும் தூசியையும் பூஞ்சையையும் பேனாவால் துடைத்தெடுப்பது தூசியக்காவின் பன்னிரண்டு ஆண்டு வேலை. பெயரும் அதனால் வந்ததுதான். அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. ஒரு புள்ளி அடுத்தடுத்த படங்களில் அசையாமல் நின்றால் அது கதையைச் சேர்ந்தது, தொடக்கூடாது. இடம் மாறினால் அழுக்கு. அந்த வீரரின் நெஞ்சிலிருந்த கறுப்புப் புள்ளி மேலும் கீழுமாக நகர்ந்தது. அழுக்கேதான் என்று தூசியக்கா இரண்டு நாள் உட்கார்ந்து இரண்டாயிரத்து நூற்று அறுபது படங்களில் அதை அழித்தார். அது குண்டு பாய்ந்த காயம். பிணமாக நடித்தவருக்கு மூச்சடக்கத் தெரியாததால் காயம் ஏறி இறங்கியிருக்கிறது. காயமே இல்லையென்று ஆனபின் அவர் அங்கே கிடக்கக் காரணம் ஏதும் இருக்கவில்லை.

வேறு படமாக இருந்தால் ஒரு பிணம் குறைந்ததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இது இரு தரப்புக்கும் தேவைப்படாத ஒரு பாலத்துக்காக நடக்கும் சண்டையைப் பற்றிய படம். வெளிவந்த புதிதில் மூன்று ஆண்டுகள் தடையில் இருந்தது. முடிவில் தளபதி, "இந்தப் பாலத்துக்காக நாற்பத்தொரு பேர் செத்தார்கள், எண்ணிக்கொள்ளுங்கள்" என்பார். கேமரா ஒவ்வொரு உடலாகக் கடந்து போகும். அரங்கம் முழுவதும் சத்தமாக எண்ணிய காலம் உண்டு. எண்பத்தாறு வயதான இயக்குநர் இன்னும் இருக்கிறார். தானே எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வட்டு வெளிவரும் என்பது ஒப்பந்தம். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

"இது நின்னு போச்சுன்னா திங்கக்கிழமை நீங்களும் வர வேண்டாம்" என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்பதைப்போலச் சொன்னார்.

தூசியக்கா காயத்தைத் திரும்ப வைக்கப் பார்த்தார். அதற்குள் வீரர் எதிரிகளின் சமையல் கூடாரத்துக்குப் போய் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் புள்ளி வைத்தால் குனிந்து பார்த்துச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். மூன்றாம் முறை கோவேறு கழுதைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பக்கத்துப் பிணத்தையே நகலெடுத்துப் போடும்படி முதலாளி யோசனை சொன்னார். போட்டுப் பார்த்தார்கள். "ரெட்டைப் பிள்ளைங்க ஒண்ணா செத்துக் கிடக்கற மாதிரி இருக்கு சார்" என்று தூசியக்காவே அதை எடுத்துவிட்டார்.

விசாரித்ததில், பிணமாகக் கிடந்தவர் இயக்குநரின் சொந்தத் தம்பி என்று தெரிந்தது. தையல்காரர். இரண்டு படைகளுக்கும் சீருடை தைத்தவர் அவர்தான். ஒரே துணி, உட்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டால் எதிரிப்படை. அண்ணனும் தம்பியும் ஒரே தெருவில் குடியிருந்து, நாற்பத்தாறு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

தூசியக்கா கடைக்குப் போனபோது அவர் ஒரு கால்சட்டையின் கீழ்மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, படத்துல உங்க ஆளு எழுந்து போயிட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா திரும்பப் படுத்துக்குவாரு."

தையல்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "எங்கண்ணன் அனுப்பினானா?"

"இல்லீங்க. நானாத்தான் வந்தேன். என் வேலை போயிடும்."

"முந்நூறு சட்டை தெச்சுக் குடுத்தேம்மா. கூலியா ஒரே ஒரு வசனம் கேட்டேன். சரின்னான். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள சுட்டுட்டான். இப்ப நானே போய் அவனைப் படுடான்னு சொல்லணுமா?"

தூசியக்கா கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் படியிறங்கும்போது பின்னால் கடைக்கதவு பூட்டும் சத்தம் கேட்டது. "எங்கதான் போறான்னு பாத்துட்டு வரேன்" என்றபடி தையல்காரரும் இறங்கினார்.

அன்று வியாழக்கிழமை என்பதையே தூசியக்கா மறந்திருந்தார். திரையிடும் அறையில் இயக்குநர் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். தம்பி இரண்டு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. படம் ஓடியது. உடல்கள் வந்ததும் இயக்குநர் தடியால் தரையில் தட்டித் தட்டி எண்ணினார். நாற்பதோடு தடி நின்றது. தூசியக்கா திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டார்.

அப்போது அந்த வீரர், பாதி உரித்த உருளைக்கிழங்கோடு வலப்பக்கமாக உள்ளே வந்து, தளபதியின் அருகில் நின்று, தெளிவான குரலில் கேட்டார்: "ஐயா, நாம எந்தப் பக்கம்?"

தளபதி தன் சட்டையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, முன்பு சொன்னதைத் திருத்தி, "இந்தப் பாலத்துக்காக நாற்பது பேர் செத்தார்கள்" என்றார். ஒலிப்பதிவை யாரும் தொட்டிருக்கவில்லை.

"அன்னிக்குத் தணிக்கைக்காரங்க வந்து உக்காந்திருந்தாங்கடா" என்றார் இயக்குநர், திரையைப் பார்த்தபடியே. "அந்த வசனம் இருந்தா படமே வராதுன்னுட்டாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சுட்டுட்டேன்."

"சொல்லியிருந்தா நானே செத்திருப்பேனே."

"நீயா? மூச்சடக்கத் தெரியாத பய."

தையல்காரர் அதை மறுக்கவில்லை. ஒரு நாற்காலி நெருங்கி உட்கார்ந்தார். இயக்குநர் தாளை வாங்கி, நாற்பத்தொன்று என்றிருந்ததை அடித்து, நாற்பது என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

வட்டு நன்றாகவே விற்றது. ஒவ்வொரு வீட்டிலும் வீரர் ஒவ்வோர் இடத்தில் இருப்பதாகப் புகார்கள் வரவே, இரண்டாம் பதிப்பின் உறையில் சிறிய எழுத்தில், 'இப்படத்தில் ஒருவர் உயிரோடிருக்கிறார். அது வட்டின் குறையல்ல' என்று அச்சிட்டார்கள். புகார்கள் நின்றன. நெஞ்சில் புள்ளி கண்டால் அது மூச்சு விடுகிறதா என்று பார்த்தபிறகே தூசியக்கா இப்போதெல்லாம் பேனாவை எடுக்கிறார். தையல்காரர் வீட்டு வட்டில் வீரர் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, தளபதியின் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வந்து கூடவே உட்கார்ந்து பார்க்கிறார். நூலை இவ்வளவு நீளமாக எடுத்தால் முடிச்சு விழத்தான் செய்யும் என்று தம்பி ஒவ்வொரு வாரமும் குறை சொல்கிறார்.