எண்பத்தொன்பது நம்பர் கார்

எங்கள் பழைய காரை அக்காவுக்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிட வேண்டும். மூன்று மாதமாக எனக்கு இருந்த ஒரே வெறி இதுதான். கார்மேல் பாசம் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பெருந்தன்மை.

அந்தக் காரில் நான் அதிகம் பார்த்தது அக்காவின் பின்னந்தலையைத்தான். அப்பா ஓட்டுவார். பெரியவள் என்பதால் அவள் முன்னால், நான் பின்னால் அம்மாவோடு. அப்பாவும் அவளும் எதையோ பேசிச் சிரிப்பார்கள். என்னவென்று கேட்டால், "உனக்குப் புரியாதுடி" என்பாள். எனக்கு ஒன்பது வயதில் காரை விற்றுவிட்டார்கள். இப்போது நாற்பத்தெட்டு. என் வயிற்றெரிச்சலுக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

அம்மா போனபிறகு அப்பா அக்கா வீட்டில்தான் இருக்கிறார். அதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள். மூன்று மாதம் முன்பு அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா, "நம்ம கார் இப்ப எங்க இருக்கோ" என்றார். சும்மா வாயில் வந்த பேச்சு. அக்கா உடனே, "நான் விசாரிக்கிறேம்பா" என்றாள். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் இருப்பது இன்ஷூரன்ஸ் ஆபீஸில். நம்பர் மட்டும் இருந்தால் எந்த வண்டியின் வண்டவாளத்தையும் எடுத்துவிடலாம். நம்பர் எனக்குத் தலைகீழ்ப் பாடம்: இருபத்தொன்று எண்பத்தொன்பது. ரெக்கார்டு ரூம் கிளார்க்கைக் காக்காய் பிடித்து, மதிய இடைவேளைகளில் பழைய கட்டுகளைப் பிரித்துத் தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம் என்று நினைத்த நேரத்தில், மாட்டியது. நாலு கை மாறி ஒரு பல் டாக்டரிடம் நின்றுகொண்டிருந்தது. அதே மாடல், அதே வருஷம். எங்களுடையது வெளிர் மஞ்சள், இது பச்சை. முப்பத்தொன்பது வருஷத்தில் ஒருத்தராவது பெயிண்ட் அடிக்காமலா இருந்திருப்பார்கள்?

"விக்கிற ஐடியா இல்லைங்க. ஆனா ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு வாங்க, ஆசை தீர ஓட்டட்டும்" என்றார் டாக்டர்.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். குரலில் தேன் தடவிக்கொண்டுதான் சொன்னேன். "நீ தேடிட்டிருந்தியே, பாவம். நான் கண்டுபிடிச்சுட்டேன்." அந்தப் பக்கம் கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படியாடி? சரி, கூட்டிட்டு வரேன்" என்றாள். அந்தக் கொஞ்சநேரத்தை நான் இரண்டு நாள் மனதுக்குள் ஓட்டி ஓட்டி ரசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்குப் பின்னால் இருந்த ஷெட்டில், துடைத்துப் பளபளவென்று நின்றது கார். அப்பா பானெட்டைத் தடவினார். "அதேதாம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "முன்னாடி ஏறு" என்றார்.

என்னை! அக்கா பின்னால் ஏறினாள். கிளினிக் மைதானத்தை அப்பா மூன்று தடவை மெதுவாகச் சுற்றினார். எண்பது வயதிலும் கியர் மாற்றும்போது உதட்டைக் கடிக்கிற பழக்கம் போகவில்லை. நான் கண்ணாடியில் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொஞ்சமாவது எரிய வேண்டாமா? நான் இவ்வளவு பாடுபட்டது எதற்கு?

மூன்றாவது சுற்றில்தான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. அப்பா ஒரு குறைகூடச் சொல்லவில்லை. அவர் அச்சகத்தில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்தவர். ஹோட்டல் மெனுவில் ஒரு ஒற்று விட்டுப்போனால்கூடப் பேனாவைத் திறப்பவர். அப்படிப்பட்டவர், "சீட்டு நல்லாருக்கு, ஹார்ன் நல்லாருக்கு, எல்லாம் அப்படியே இருக்கு" என்கிறார். இறங்கும்போது அவரும் அக்காவும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் புரியாத அந்தப் பழைய பார்வை.

டாக்டர் எஞ்சினைக் காட்ட அப்பாவை அழைத்துக்கொண்டார். நான் அக்காவை ஷெட்டு ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்ன மறைக்கிறீங்க ரெண்டு பேரும்?"

"ஒண்ணுமில்லடி."

"சொல்லு."

அவள் பெருமூச்சு விட்டாள். "நம்ம வண்டி எழுபத்தொம்பது. எண்பத்தொம்பது இல்ல. நான் போன மாசமே கண்டுபிடிச்சேன். பதினஞ்சு வருஷம் முன்னாடியே பழைய இரும்புக்குப் போட்டு உடைச்சுட்டாங்களாம். அப்பாகிட்ட சொன்னேன். உன் மனசு கஷ்டப்படும், உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாரு. நீ போன் பண்ணி வரச் சொன்னதால, இன்னைக்குக் காலையில முதல் ஆளா சட்டையை மாட்டிட்டு நின்னாரு."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பொய்யிலும் அவர்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி, நான் தனி.

"அப்பாவே எண்பத்தொம்பதுன்னுதானே சொல்லுவாரு? எத்தனை தடவை கேட்டிருக்கேன்!"

"உனக்கு நாலு வயசுல ழ வராது. எழுபத்தொம்பதுன்னு சொல்லத் தெரியாம எம்பத்தொம்பதும்பே. அவருக்கு அது அவ்வளவு பிடிச்சுப்போச்சு. அன்னையிலிருந்து வீட்டுல எல்லாருக்கும் எம்பத்தொம்பதுதான். உனக்கு நாக்கு திரும்பின பிறகும் அவர் மாத்தவே இல்ல."

அவள் நிறுத்தவில்லை. குரல் மாறியிருந்தது.

"நான் ஹாஸ்டல்ல இருந்து எழுதின லெட்டரை எல்லாம் சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பின மனுஷன். 'நலம்'னு எழுதினதுலகூடத் தப்பு கண்டுபிடிச்சாரு. நீ சொன்ன தப்பை மட்டும் திருத்தல. சரியான நம்பரை ஒழுங்காச் சொன்னவ நான்டி. என்னை யாரு கொஞ்சினா?"

காலையிலிருந்து நான் அவள் முகத்தில் தேடிக்கொண்டிருந்தது அங்கே வந்து நின்றது. ஐம்பத்துமூன்று வயதுக்காரியின் முகத்தில் ஒன்பது வயதுப் பெண்ணின் பொறாமை. உண்மையைச் சொன்னால் எனக்குக் குளுகுளுவென்றுதான் இருந்தது. அது அரை நிமிஷம்கூட நீடிக்கவில்லை. என்னை அறியாமல் அழுகை வந்துவிட்டது.

அக்கா சட்டென்று அப்பா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவசரமாகத் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அழாதடி. அப்பா பாத்தா என்னைத்தான் திட்டுவாரு."