மாமனார் பரப்பிய கருப்பு மண்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டு மாடியில் பட்டுப்போன ஒரு ரோஜாச் செடியிலிருந்துதான் இந்தக் கதை முளைத்தது. நான் தண்ணீர் ஊற்றவில்லை என்று வீட்டில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் மண் பரிசோதகராக இருக்கும் என் தங்கை வந்து தொட்டியைக் கிளறிப் பார்த்தாள். "தண்ணி இல்லண்ணா, மண்ணுதான் சரியில்ல" என்று என் மானத்தைக் காப்பாற்றினாள். கூடவே, "இதை வச்சுக் கதை கிதை எழுதினே, உன்கூடப் பேசவே மாட்டேன்" என்றாள். எழுதுகிறேன். எத்தனை நாள் பேசாமல் இருப்பாள், பார்த்துவிடலாம்.

2.

முதல் வரிக்குத்தான் என்ன பாடு!

'பூமித்தாயின் மார்பைக் கிழித்த இயந்திரங்கள்—'

(வேண்டாம். தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள்.)

'கரி அடுக்கை ஒட்டிய பாறைகளில் கந்தகம் கலந்திருக்குமாயின் அவை காற்றும் நீரும் பட்டு அமிலமாக—'

(பாடப்புத்தகம். நீங்கள் எழுந்து ஓடிவிடுவீர்கள். ஆனால் விஷயம் இதுதான், கொஞ்சம் உட்காருங்கள். கரியைத் தோண்டுவதற்காக அதன் மேல் கிடக்கும் மண்ணையும் பாறையையும் அள்ளி ஓரமாகக் கொட்டுகிறார்கள். கரி தீர்ந்ததும் அவற்றைத் திரும்பப் போட்டுக் குழியை மூட வேண்டும். கரியை ஒட்டிக் கிடந்த கருப்புப் பாறைத்தூள் பொல்லாதது. அது குழியின் அடியில் போக வேண்டும். அதன் மேல் சுண்ணாம்பு, களிமண், கடைசியில் நல்ல மண். வரிசை மாறினால் மழைத்தண்ணீர் அமிலமாகிக் கிணற்றில் இறங்கும்.)

சரி, இப்படித் தொடங்குகிறேன்:

"செடிக்குத் தண்ணி ஊத்துறியா இல்லையாம்மா?" என்று கேட்டார் மாமனார்.

3.

மாமனார் புல்டோசர் ஓட்டி ஓய்வு பெற்றவர். மருமகள் அதே சுரங்கத்தில் மண் பரிசோதகர். வாசற்படியில் அவர் ஆசை ஆசையாகத் தொட்டியில் வைத்த ரோஜாக்கள் கருகி நின்றன.

"ரெண்டு வேளையும் ஊத்துறேன் மாமா."

"அப்புறம் ஏன் இப்படி மூஞ்சியத் தொங்கப்போட்டு நிக்குது? மண்ணுல குறை சொல்ல முடியாது. மை மாதிரி கருப்பு. நானே பாத்துப் பாத்து அள்ளிட்டு வந்தது."

"எங்கேருந்து மாமா?"

"நம்ம மேட்டுலேருந்துதான். வேற எங்கேருந்து?"

மேடு என்றால், ஓய்வு பெறும் முன் அவர் மூடி முடித்த கடைசிக் குழி. அவள் இன்னும் பரிசோதிக்காதது. சரிவின் கீழே வீடுகள், அத்தனை வீட்டுக்கும் ஒரே கிணறு.

மாமனார் குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லிடாதே. இதை அடியில போட்டுப் புதைக்கச் சொன்னாங்க. இவ்வளவு கருப்பு மண்ணை எவனாவது புதைப்பானா? கீழ இருக்குற ஜனங்க செடி கொடி வச்சுக்கட்டுமேன்னு மேலாப்புல பரப்பி விட்டுட்டேன்."

அவள் பையிலிருந்து, அமிலம் பட்டால் சிவக்கும் ஒரு பரிசோதனைத் தாளை எடுத்துத் தொட்டியின் ஈர மண்ணில் ஒற்றினாள். தாள் சிவந்தது.

"அட, ரோஜா நிறம் வந்துடுச்சு பாரு!" என்று மாமனார் சிரித்தார்.

4.

இவரை வில்லனாக்க முயன்றேன். முறுக்கு மீசைகூட வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. மருமகள் சுரங்கத்து வேலைக்குப் போகக் கூடாது என்று வீடே குதித்தபோது, "நீ என் வண்டியில ஏறும்மா" என்று கூட்டிப்போனவர் இவர். இன்றும் டீக்கடையில், "என் மருமக கேட்டா மண்ணே வாயைத் திறந்து பேசும்" என்று அளந்துகொண்டிருப்பவர்.* இவரிடம் போய், 'நீங்க பரப்பினது விஷம் மாமா' என்று எந்த வாயால் சொல்வாள்? அந்த வரியை எழுதிவிட்டு நானே பேனாவை மூடி வைத்துவிட்டேன். எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

* இந்த இடத்தைப் படித்த தங்கை, "என் மாமனாருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது" என்று எழுதி அனுப்பினாள். பேசிவிட்டாள், பார்த்தீர்களா?

5.

முடிவு ஒன்று: அவள் யாருக்கும் தெரியாமல் அந்தக் கருப்பு மண்ணின் மேல் கொஞ்சம் நல்ல மண்ணைப் போட்டு மூடச் சொல்கிறாள். மாமனாரின் மானம் தப்புகிறது. (எனக்குப் பிடித்திருந்தது. "கிணத்துத் தண்ணிய நீ குடிப்பியா?" என்று கேட்டாள் தங்கை.)

இன்னொன்று: மேலதிகாரியிடம் சொல்கிறாள். அத்தனை பேர் முன்னால் மாமனார் தலையைத் தொங்கப்போட்டு— (கை வரவில்லை. அடித்துவிட்டேன்.)

சரி, மாமனாரே தானாகப் புரிந்துகொண்டு, மறுபடி புல்டோசரில் ஏறி, அத்தனையையும் வழித்து— (ஆகா! யாரும் வாயைத் திறக்காமலே எல்லாம் சரியாகிவிடும் என்றால் இந்தக் கதை எதற்கு?)

6.

ஆகவே இருவரையும் வாசற்படியிலேயே உட்கார வைத்திருக்கிறேன். அவள் கையில் சிவந்த தாள். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. இப்போதே சொன்னால் மேட்டைத் தார்ப்பாய் போட்டு மூடி, மழை நின்றதும் எல்லாவற்றையும் வழித்து அடியில் புதைத்துவிடலாம். ஒரு நல்ல மழை பிடித்துக்கொண்டால் கிணறு போய்விடும்.

நான் எழுதிக்கொண்டிருக்கும்வரைதான் அந்த மழையை நிறுத்திவைக்க முடியும். இவ்வளவு நேரம் வளவளவென்று பேசியது வேறு எதற்கென்று நினைத்தீர்கள்? இனி பேச என்னிடம் ஒன்றுமில்லை.

"என்னம்மா, மண்ணு எப்படி?" என்கிறார் மாமனார், பாராட்டை எதிர்பார்த்து.

"மாமா…" என்கிறாள்.

மிச்சத்தை நீங்கள் சொல்லிவிடுங்கள். அவருக்கு நோகாமல் சொல்லுங்கள். நோகாமல் சொல்ல வரவில்லை என்றாலும் சொல்லிவிடுங்கள். கீழே ஒருத்தி வாளியோடு கிணற்றுக்கு வந்துகொண்டிருக்கிறாள், நான் பேனாவை மூடப்போகிறேன்.