தலை சாய்ந்த ஏழு

முகம்மது நூகுவுக்கு விருதுநகர் பஜாரில் பழைய சாக்குக் கடை. யார் கொண்டுவந்து போட்டாலும் ஒரு சாக்கை விடமாட்டான். ஒவ்வொன்றாக உதறி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை பார்ப்பான். மனுசர்களையும் அப்படித்தான் பார்ப்பான். கல்யாண வீட்டில் பிரியாணி ருசியாக இருந்துவிட்டால்கூட, "இம்புட்டு நல்லா ஆக்கிப் போடுறான்னா என்னமோ இருக்கு" என்பான். "நீங்க சொர்க்கத்துக்குப் போனாலும் வாசல்ல நின்னு தாழ்ப்பாள ஆட்டிப் பாத்துட்டுத்தான் உள்ள போவீக" என்று அவன் பொண்டாட்டி ஷரீஃபுன்னிசா தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்ட மகராசன் சந்தேகப்படாமல் விட்டுவைத்திருந்த ஒரே ஆள் முத்துக்கிருஷ்ணன். பத்தாப்பில் ஒரே பெஞ்சு. முன்னே மெக்கானிக்காக இருந்தவன், இப்போது சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் மெஷின் ஓட்டுகிறான். அந்த முத்துக்கிருஷ்ணனையே ஒரு வாரமாக ஓரக்கண்ணால் பார்க்கும்படி ஆகிப்போனது நூகுவுக்கு.

நடந்தது இதுதான். போன திங்கட்கிழமை கடைக்கு வந்தவன், வாசலில் நின்ற நூகுவின் ஜாவா பைக் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். இஞ்சின் நம்பர் மேல் வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து, நம்பரை அப்படியே தாளில் எடுத்து மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"என்னலே பண்ற?"

"சும்மாலே. நம்பரு எடுப்பா இருக்குல்ல, அதான்."

சும்மாவா? பென்சில் பிரிண்டு எதுக்கு எடுப்பார்கள் என்று நூகுவுக்குத் தெரியாதா என்ன? வண்டியை விற்றுப் பேர் மாத்தும்போதுதான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதைக் கேட்பார்கள்.

அந்த ஜாவா, நூகுவின் அத்தா அறுபத்தொன்பதில் வாங்கியது. ஷோரூமில் ஆறு வண்டி நின்றதாம். இஞ்சின் நம்பரின் கடைசி மூன்று எண் எழுநூத்தி எண்பத்தாறு என்று முடிகிற வண்டியைக் குனிந்து குனிந்து தேடி எடுத்தாராம். அல்லா பேரைச் சொல்லுகிற பிஸ்மி நம்பர் அல்லவா! இருபத்துநாலு வருசம் அதில்தான் ஊரெல்லாம் போய்வந்தார். தொண்ணூத்திமூன்றில் இஞ்சின் வேலைக்கு ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்து வந்தார்கள். அத்தா ஒரே ஒரு உதை உதைத்தார். காதைச் சாய்த்துக் கேட்டார். அணைத்துவிட்டார்.

"இது என் வண்டிச் சத்தமில்ல. மாத்திட்டானுக."

நூகு அவரைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து நம்பரைக் காட்டினான். "இந்தா பாருங்க, எழுநூத்தி எண்பத்தாறு. உங்க காதுக்கு வயசாயிப்போச்சு."

"அங்கன வேல பாக்குற உன் சேக்காளிட்டக் கேளு."

நூகுவுக்கு வந்ததே கோபம்! பெத்த தகப்பன் என்றுகூடப் பார்க்காமல் கத்தித் தீர்த்தான். அதற்குப் பிறகு அத்தா அந்த வண்டியில் ஏறவேயில்லை. பதினாலு வருசமாக நூகுதான் ஓட்டுகிறான். அத்தாவுக்கு எழுபத்தாறு. கண் மங்கிவிட்டது, பள்ளிவாசலுக்கும் வீட்டுக்குமாக நடையோடு சரி.

பென்சில் பிரிண்டு எடுத்த நாலாம் நாள் முத்துக்கிருஷ்ணன் மறுபடி வந்தான். "ஞாயித்துக்கெளம ஒரு ரவுண்டு போவமாலே? எம். புதுப்பட்டி பக்கம் சீனிவாசகம்னு ஒரு வெடி முதலாளி. பழைய பைக்கா வாங்கிச் சேத்து மியூசியம் வச்சிருக்காரு."

"பஸ்ல போவோம்."

"ஜாவாலதான் போகணும்" என்றான் பட்டென்று. நாக்கைக் கடித்துக்கொண்டு, "அதுல போனாத்தான மரியாத" என்று இளித்தான். ஆஹா, சரிதான் என்று நினைத்துக்கொண்டான் நூகு.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் இவன் எம்புட்டு தூரம்தான் போகிறான் பார்த்துவிடுவோம் என்று ஒரு வீம்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார்கள். "நான் ஓட்டவாலே?" என்றான் முத்துக்கிருஷ்ணன். "ஒண்ணும் வேணாம், பின்னால ஏறு" என்றான் நூகு. பின்னால் உட்கார்ந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் ஓயாத பயல்! ஆமத்தூர் தாண்டும்வரை இரும்பு மாதிரி உட்கார்ந்து வந்தான்.

திருத்தங்கலில் டீ குடிக்க நிறுத்தினார்கள். முத்துக்கிருஷ்ணனுக்குப் போன் வந்தது. எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போனான். நூகு கிளாஸைக் கழுவுகிற சாக்கில் தொட்டிப் பக்கம் ஒதுங்கிக் காதைத் தீட்டினான்.

"வந்துக்கிட்டே இருக்கோம் முதலாளி... இன்னைக்கே மாத்திருவோம்... அவன்ட்ட ஒண்ணும் சொல்லல. சொன்னா வண்டிய வெளியவே எடுக்கமாட்டான்."

நூகு கையிலிருந்த டீ கிளாஸ் தொட்டிக்குள் விழுந்தது. அடப்பாவி, சேக்காளின்னு நம்பி என் பிள்ளைகளை உன் மடியில விட்டேனேடா! பெத்தவரையே உனக்காகப் பகைச்சேனேடா! வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

சிவகாசி தாண்டிப் புதுப்பட்டி ரோட்டில் கம்பெனி கேட்டு வந்தது. மியூசியம் என்றால் தனிக் கட்டிடம் இல்லை. வெடிக் கம்பெனி காம்பவுண்டுக்குள்ளேயே காலியாகக் கிடந்த கோடவுன். அதனால் கம்பெனிச் சட்டம்தான் அதற்கும். இஞ்சினை அணைத்துவிட வேண்டும், வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தீப்பெட்டி, செல்போன், வண்டிச் சாவி எல்லாம் கேட்டில் கொடுத்துவிட வேண்டும். வாட்ச்மேன் ஊர்க்காவலன் வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"அந்த ஜாவாவா இது? முதலாளி காலைல இருந்து மூணு தடவ கேட்டுட்டாக."

சாவியைக் கொடுப்பதைப் பற்றி நூகு கவலைப்படவில்லை. ஜாவா சாவி ஒரு சாவியா? ஆணியைச் சொருகினாலும் அந்த வண்டி எழும்பும். முத்துக்கிருஷ்ணன் நோட்டில் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் டூல்ஸ் பாக்ஸைத் திறந்து, ஸ்பேனரைப் போட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிளக் இல்லாமல் எவன் கொண்டுபோகிறான், பார்ப்போம்! கொதிக்கிற பிளக் தொடையைச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளினான்.

கோடவுனுக்குள் முப்பது வண்டிக்கு மேல் இருக்கும். சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு ஆயில் கிடையாது. ராஜ்தூத், லாம்ப்ரெட்டா, பி.எஸ்.ஏ., மூக்கு நீண்ட ராணுவ வண்டி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அச்சடித்த அட்டை. எந்த வருசம், இஞ்சின் நம்பர், எந்த ஊரில் வாங்கியது எல்லாம் இருந்தது. வேறு நாளாக இருந்தால் நூகு வாயைப் பிளந்துகொண்டு நின்றிருப்பான். இன்று கண் முழுதும் முத்துக்கிருஷ்ணன் மேல்தான்.

"வாங்க பாய், சாப்பிட்டீகளா?" என்று வெள்ளைச் சட்டையில் வந்தார் சீனிவாசகம். வந்தவர் நூகுவின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து ஜாவாவின் இஞ்சினைத் தடவிக்கொடுத்தார். "இதேதான் முத்துக்கிருஷ்ணா. மாத்திருவோமா?"

அவ்வளவுதான், நூகு வெடித்துவிட்டான்.

"யார் வண்டிய யாருலே மாத்துறது? எந்தத் தைரியத்துல என் வீட்டு வண்டிக்கு வெல பேசி வச்சிருக்க நீ? தூ! நீயெல்லாம் ஒரு சேக்காளி!"

முத்துக்கிருஷ்ணன் கோடவுன் மூலைக்கு நடந்தான். அங்கே இன்னொரு ஜாவா நின்றது. அதன் முன்னால் இருந்த அட்டையை எடுத்துவந்து நூகு கையில் கொடுத்தான். இஞ்சின் நம்பர் என்று போட்டிருந்தது. கடைசி மூன்று எண், எழுநூத்தி எண்பத்தாறு. முன்னால் உள்ள எண்களும் அச்சு அசல் அத்தா வண்டி நம்பர்.

"இந்த அட்டையெல்லாம் எங்க அச்சாபீஸ்ல ஓடுனதுதாம்லே. என் மெஷின்லதான் ஓடுச்சு. இந்த நம்பரப் பாத்துட்டு மெஷின நிப்பாட்டிட்டேன்."

சட்டைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தான். ஒன்று நூகு வண்டியில் தேய்த்தது, இன்னொன்று இங்கே நிற்கிற வண்டியில் தேய்த்தது. நூகு இரண்டையும் வாங்கி, பழக்கம் விடுமா, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். மியூசியத்து ஏழு நிமிர்ந்து நின்றது. தன் வண்டி ஏழுக்குத் தலை கோணலாகச் சாய்ந்திருந்தது.

"ஒர்க்‌ஷாப் நம்பர் அடிக்கிற பஞ்சு செட்டுல ஏழு இல்லலே" என்றான் முத்துக்கிருஷ்ணன். "ஒண்ணாம் நம்பர அடிச்சு, உளியால அதுக்குத் தல வச்சேன். நாந்தான் வச்சேன். மதுரப் பார்ட்டி ஒருத்தனுக்கு நல்ல இஞ்சின் வேணும்னு எங்க ஒர்க்‌ஷாப் முதலாளி சொன்னாரு. அவன் தேஞ்ச இஞ்சின உன் வண்டில மாட்டினோம். பழைய நம்பர அராவிட்டு உங்க நம்பர அடிச்சா பாய் வீட்டுல ஒருத்தரும் சந்தேகப்படமாட்டாங்கன்னாரு."

சீனிவாசகம் தொண்டையைச் செருமினார். "அந்த மதுரக்காரர் வண்டியத்தான் பாய் நான் வாங்குனேன். என் வண்டியோட சொந்த இஞ்சின் உங்கட்ட இருக்கு, உங்களோடது எங்கட்ட இருக்கு. தம்பி வந்து சொன்னான். அவுகவுக இஞ்சின் அவுகவுகளுக்கு. எனக்கும் வண்டி அசலாயிரும்."

ஊரில் உள்ள ஓட்டையெல்லாம் பார்த்த நூகு இதைப் பார்க்கவில்லையே! வேறு எந்த நம்பராக இருந்தாலும் உரசிப் பார்த்திருப்பான். பிஸ்மி நம்பரை யார் உரசுவார்கள்? பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் தொடையில் குத்தியது. பையிலிருந்து பிளக்கை எடுத்துத் தரையில் வைத்தான்.

முத்துக்கிருஷ்ணன் அதையே பார்த்தான். "எப்பலே கழட்டுன?"

"கேட்டுலயே."

"என்னைய சந்தேகப்பட்டுட்டியாலே?"

"பட்டேன். பதினாலு வருசம் பிந்திப் பட்டுட்டேன்."

அடிக்கத்தான் கை ஓங்கினான். அவன் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் ஓங்கிய கை இறங்கிவிட்டது. "மாத்துலே" என்றான். "மாத்திட்டு என்கூட வீட்டுக்கு வா. இதுவும் ஏமாத்தா என்னன்னு எனக்கு எப்டித் தெரியும்? எங்க அத்தா காது சொல்லட்டும்."

முத்துக்கிருஷ்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினான். இரண்டு இஞ்சினையும் இறக்கி மாற்றி ஏற்ற மூன்று மணி நேரம். உள்ளே கிளப்பிப் பார்க்கவும் முடியாது. தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்து, ஊர்க்காவலனிடம் சாவி வாங்கிப் போட்டு உதைத்தான் நூகு. வண்டி கிளம்பியது. இதுதானா அந்தச் சத்தம்? சத்தியமாகத் தெரியவில்லை. இருபத்திமூன்று வயசில் இரண்டும் ஒன்றுதான் என்று அத்தாவிடம் சாதித்தவனுக்கு இப்போது எப்படித் தெரியும்? ஒருவேளை இதுவும் கூட்டுக் களவாணித்தனமோ, அந்த முதலாளியும் உடந்தையோ என்று வழி முழுக்க மனசு அரித்தது.

விருதுநகர் வந்து தெருவில் திரும்பும்போது சாயந்திரம் நாலரை. வாசலில் வண்டி நின்றது. நூகு இஞ்சினை அணைக்கவில்லை. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"நூகு" என்று உள்ளேயிருந்து அத்தாவின் குரல் வந்தது. "கூட முத்துக்கிருஷ்ணன் வந்திருக்கானா?"

அவன் வரப்போவதாக வீட்டில் ஒரு ஆளுக்கும் தெரியாது. நூகு இஞ்சினை அணைத்தான்.

"வந்திருக்கான் அத்தா. உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"என் வண்டி வந்திருக்குல்ல. அவன் வராம அது எப்டி வரும்?"

நூகு நிலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். முத்துக்கிருஷ்ணன் சீட்டை விட்டு இறங்கவேயில்லை. அத்தா சுவரைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார். நம்பரைத் தேடவில்லை. கையை நீட்டிச் சூடாக இருந்த டேங்கின் மேல் வைத்தார். பிறகு பின்னால் நகர்ந்து முத்துக்கிருஷ்ணனின் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"இறங்குலே. எம்புட்டு நேரம் என் சீட்டுல உக்காந்திருப்ப?" என்றார். உள்ளே திரும்பி மருமகளுக்குக் குரல் கொடுத்தார். "ஷரீஃபுன்னிசா, மூணு டீ போடும்மா."