மூச்சு கேட்கும் இடங்கள்

அக்கா கை வைத்தால் பாடுகிறவர்களுக்கு மூச்சே இருக்காது என்று அந்தத் தொழிலில் ஒரு கேலி உண்டு. கேலிதான் என்றாலும் அக்காவுக்கு அதில் உள்ளூரப் பெருமை. குரல் பதிவாகி வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை மூச்சு பொறுக்குவது. வரிக்கும் வரிக்கும் நடுவே பாடகர் இழுக்கிற காற்றைத் திரையில் தேடிப் பிடித்து, துண்டாக வெட்டி, ஊமையாக்கிவிட்டு அடுத்ததற்குப் போவாள். அரிசியில் கல் பொறுக்குகிற அதே பொறுமை. கார் நிறுத்துகிற அறையைத்தான் ஸ்டுடியோ ஆக்கியிருந்தார்கள். சுவரெல்லாம் பழைய மெத்தை. உள்ளே உட்கார்ந்தால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது, கணவர் சாப்பிடக் கூப்பிட்டாலும் கேட்காது. இரண்டாவதற்காகத்தான் மெத்தை அடித்தாள் என்பார் அவர்.

அங்கே தயாரான பாட்டுகளில் முக்கால்வாசி அவள் தங்கச்சி பாடியவை. தங்கச்சிக்கு ஒரு பத்திரிகைக்காரன் விளையாட்டாக ‘அழுமூஞ்சி ராணி’ என்று பேர் வைக்க, அது பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டுவிட்டது. காதல் முறிந்தவர்கள், வேலை போனவர்கள், சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்து மழை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் அவள்தான் துணை. ஒரு சுரத்தைப் பிடித்தாளானால் லேசில் விடமாட்டாள். கேட்கிறவனுக்குத்தான் மூச்சு முட்டும். அவள் மூச்சு வாங்கியதே தெரியாது. அதில் பாதி அவள் தொண்டை, பாதி அக்காவின் கத்தரி.

அப்பேர்ப்பட்ட தொண்டையில் போன வருஷம் கத்தி வைக்க வேண்டியதாயிற்று. பிழைத்தது பெரிய விஷயம், இனிமேல் இழுத்துப் பாடுவதை மறந்துவிடுங்கள் என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். தங்கச்சி பல வாரம் வாயைத் திறக்காமல், வேண்டியதையெல்லாம் சைகையில் கேட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு ஒருநாள் மெத்தை அறைக்குள் வந்து, அக்காவின் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"மிக்ஸ்டேப் ஒண்ணு போடப் போறேன்க்கா. எல்லாம் ஆட்டப் பாட்டு. ஒரு பாட்டு முடியறதுக்குள்ள அடுத்தது உள்ள வந்துடணும். நடுவுல நிக்கவே கூடாது."

"சும்மா நடந்தாலே உனக்குக் கால் பின்னும். நீ ஆட்டப் பாட்டு போடறியா?"

"நான் எங்க ஆடப் போறேன்? ஆட வைக்கப் போறேன். நீளமா இழுக்கத்தானே கூடாதுன்னாரு? துண்டு துண்டா பாடினா அவரு வேண்டாம்னு சொல்ல முடியாதில்ல?"

அக்காவுக்கு அந்த மாதிரிப் பாட்டெல்லாம் அவ்வளவாகப் பிடிக்காது. வாஷிங் மெஷினுக்குள் காசு விழுந்த சத்தம் என்பாள். ஆனால் தங்கச்சி முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு வெளிச்சம். அதற்காக எதையும் செய்யலாம் என்று தோன்றியது.

குரல் பதிவைக் கேட்டபோதுதான் சிக்கல் தெரிந்தது. பாட்டு நன்றாகத்தான் இருந்தது. நான்கு சொல், இரண்டு சொல் என்று வெடுக் வெடுக்கென்று பாடியிருந்தாள். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அவள் காற்றை இழுக்கும்போது ‘சர்க்’கென்று ஒரு சத்தம், சிக்கிக்கொண்ட ஜிப்பை யாரோ இழுப்பதுபோல. ஆபரேஷன் முடிந்து தங்கச்சி மயக்கத்தில் கிடந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அதுதான். அடுத்த ‘சர்க்’ வருமா வராதா என்று செத்துச் செத்துப் பிழைத்தாள். அதை மறுபடியும் கேட்க அவளால் முடியவில்லை. ஊரார் கேட்டு ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுவதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒன்று விடாமல் எல்லா மூச்சையும் வெட்டி ஊமையாக்கினாள். தங்கச்சியிடம் சொல்லவில்லை.

சொல்லாமலிருக்க வசதியும் இருந்தது. அக்கா முடித்துக் கொடுத்ததைத் தங்கச்சி தனியாகக் கேட்பதே கிடையாது. முதல் பாட்டிலிருந்தே அப்படித்தான். வெளியாகிற அன்றைக்கு நாலு பேரோடு சேர்ந்துதான் கேட்பாள். "நீ முடிச்சா முடிஞ்சதுக்கா. நான் என்ன சரி பார்க்கிறது?" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அக்கா கண் எரிய எரிய வேலை பார்த்திருக்கிறாள்.

வெளியாகிற நாளும் வந்தது. சாயங்காலம் எல்லோர் போனிலும் பாட்டு வந்துவிடும். அதற்கு முன்னால் மதியமே ஒரு கூடத்தில் பத்திரிகைக்காரர்களுக்கு ஆட்டத்தோடு போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. முன்பு மரச் சாமான் கிடங்காக இருந்து, இப்போது நடன வகுப்பு நடக்கிற இடம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. ஆட வந்தவர்கள் யாரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இல்லை. ஒரு நர்ஸ், ஒரு பஸ் டிரைவர், தொப்பையைத் தள்ளிக்கொண்டு ஒரு பல் டாக்டர், இப்படி எல்லாருமாக முப்பது பேர். சொல்லிக் கொடுத்தது நெட்டை மாஸ்டர். ஆறடிக்கு மேல் வளர்ந்த பெண்மணி, அதட்டினால் கண்ணாடியே அதிரும். அவளிடம் தங்கச்சி ஆரம்பத்திலேயே கரடுமுரடான முதல் பதிவைக் கொடுத்துவிட்டிருந்தாள். ஒரு மாதமாக அதற்குத்தான் ஒத்திகை. அக்கா காதுக்கு இது எட்டவே இல்லை.

மூலையில், ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ஒரு சின்ன மிக்ஸருக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்தாள். தங்கச்சி மைக்கில் வந்தவர்களை வரவேற்றுவிட்டு ஒதுங்கி நின்றாள். மேளம் தொடங்கியது. எல்லோரும் ஒன்றாகக் கால் வைத்தார்கள். குரல் வந்ததுதான் தாமதம், எல்லாம் குளறுபடி. நர்ஸ் வலப்பக்கம் திரும்ப, டிரைவர் இடப்பக்கம் திரும்ப, நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். பல் டாக்டர் யார் காலையோ மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்திரிகைக்காரர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள்.

மாஸ்டர் கைதட்டினாள். "நிறுத்துங்க! இது நம்ம பாட்டு இல்லையே?"

"அதே பாட்டுதாங்க," என்றாள் அக்கா.

"அப்ப மூச்சு எங்க? எண்ணிக்கை சொல்லிக் கொடுத்தா இவங்களுக்குக் கால் குழம்பிடுதுங்க. அதனால பாடறவங்க மூச்சு இழுத்தா திரும்பு, பாடினா கால வைன்னு சொல்லிக் கொடுத்திருக்கேன். இப்ப எதைக் கேட்டுத் திரும்புவாங்க?"

தங்கச்சி மெதுவாக மிக்ஸர் பக்கம் வந்தாள்.

"எடுத்துட்டியாக்கா?"

"எப்பவும் எடுக்கிறதுதானே."

"எல்லாத்தையுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அந்தச் சத்தம் ஆஸ்பத்திரியில கேட்ட சத்தம்டி. எனக்குப் பயமா இருந்துச்சு. யாரும் உன்னைப் பாவம்னு சொல்லிடக் கூடாதுன்னுதான்..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" தங்கச்சி குரலை உயர்த்தவில்லை, உயர்த்தவும் முடியாது. "மயக்கம் தெளிஞ்சப்ப பேச வரல, அழக்கூட வரல. அந்தச் சத்தம் மட்டும் வந்துச்சு. சரி, இருக்கோம்னு அதை வச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தப் பாட்டு மொத்தத்தையும் கட்டினேன். அதைப்போய் குப்பைன்னு கூட்டித் தள்ளியிருக்கியே."

அக்காவுக்கு அவள் அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

தங்கச்சி மைக்கோடு நடுக்கூடத்துக்குப் போனாள். "முதல்லேருந்து போடு," என்றாள்.

மேளம் மறுபடி தொடங்கியது. குரல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் தங்கச்சி மைக்கை உதட்டோடு வைத்துக் காற்றை இழுத்தாள். யாருக்கும் கேட்கவில்லை. வரவேற்புப் பேச்சு முடிந்ததும் அந்த மைக்கின் சத்தத்தை அக்கா பழக்க தோஷத்தில் இறக்கி வைத்திருந்தாள். தங்கச்சி அங்கிருந்தே அவளைப் பார்த்தாள். அக்காவின் விரல் அந்த மைக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் பித்தானின் மேல் இருந்தது. இத்தனை வருஷமாக, மூச்சு என்று வந்தால் கீழே இறக்க மட்டுமே தெரிந்த விரல். கண்ணை மூடிக்கொண்டு மேலே ஏற்றினாள்.

‘சர்க்.’

கூடம் முழுக்க அது நிறைந்தது. முப்பது பேரும் ஒரே திசையில் திரும்பினார்கள். பல் டாக்டரின் தொப்பைகூட நேரத்துக்குத் திரும்பியது. பதிவு பாட, கால் வைத்தார்கள். தங்கச்சி மூச்சு இழுக்க, திரும்பினார்கள். ஒரு பாட்டு முடியும் முன்னால் அடுத்தது நுழைந்தது. பயந்து பயந்து கேட்ட சத்தத்துக்கு இத்தனை பேர் சந்தோஷமாக ஆடுவதைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. துடைக்கக் கை ஒழியவில்லை.

கடைசிப் பாட்டுக்கு வந்தபோது தங்கச்சிக்கு இருமல் வந்துவிட்டது. மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மூச்சு வர வேண்டிய இடம் நெருங்கியது. அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அந்த இடத்தில் ஆடிக்கொண்டிருந்த முப்பது பேரும் வாய்விட்டு மூச்சை இழுத்தார்கள், நெட்டை மாஸ்டர் எல்லோரையும்விடச் சத்தமாக. ஒரு காலும் தப்பவில்லை. தங்கச்சி இருமலுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

கைதட்டல் அடங்குவதற்குள் அக்கா வெளியே போய், பாட்டை வெளியிடுகிற கம்பெனிக்காரருக்குப் போன் செய்தாள். இன்றைக்கு வெளியிட வேண்டாம், மாற்றித் தருகிறேன் என்றாள். அந்த மனுஷன் குதி குதி என்று குதித்தார். ஒரு வாரம் தள்ளிப்போகும், ஒட்டிய போஸ்டரெல்லாம் வீண், யாரைக் கேட்டு இப்படி என்றார். "தப்பு என் மேலதாங்க. பாடினவங்க மேல ஒண்ணும் இல்ல," என்று எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மெத்தை அறைக்குள் அவள் நுழைந்தபோது தங்கச்சி ஏற்கெனவே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, அக்கா எதையும் அழித்திருக்கவில்லை. ஊமையாக்கிய துண்டுகள் எல்லாம் திரையில் சாம்பல் நிறத்தில் அப்படியே கிடந்தன.

"நீ எதுக்கு வந்தே? முடிச்சதும் சொல்றேனே," என்றாள் அக்கா.

"இல்லக்கா. இனிமே நானும் கேட்டப்புறம்தான் அனுப்பணும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. "நீ முடிச்சா முடிஞ்சதுக்கா" என்ற வார்த்தை இனி அவளுக்குக் கிடைக்காது. நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டாள். தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள். முதல் சாம்பல் துண்டைத் தொட்டு உயிர் கொடுத்தாள். ‘சர்க்.’

"இன்னும் கொஞ்சம் கூட்டு," என்றாள் தங்கச்சி.

அக்கா கூட்டினாள்.